அடுப்பால் ஆவதும் ஆகாததும்

நான் முதன்முதலில் காளான் சமைத்தது இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. அவ்வளவு மோசம். வாணலியில் எண்ணெய், அதில் வெங்காயம், அது பாதி வதங்கியதும் நறுக்கிய காளான் மொத்தத்தையும் கொட்டினேன். இரண்டு நிமிடத்தில் வாணலி முழுக்கத் தண்ணீர். நான் ஒரு சொட்டு ஊற்றவில்லை. காளான் வெந்தால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்து உப்பு போட்டு இறக்கிவிட்டேன். சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஏதோ ஒன்று தட்டில் கிடந்தது. கடித்தால் ரப்பர். அதற்கப்புறம் பல வருடம், காளான் எனக்குப் பிடிக்காது என்றே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பின்னாளில் ஒரு விடுமுறை நாள், வேறு வேலை இல்லாமல், சமையலறைத் தராசை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். நறுக்கிய பட்டன் காளான் 250 கிராம். அகலமான வாணலி. எண்ணெய் ஊற்றவில்லை, இரண்டு கரண்டி தண்ணீர்தான் ஊற்றினேன். தீ நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேலே. முதலில் துண்டுகளின் ஓரம் ஈரமாக மினுங்கியது. அப்புறம் சுருங்க ஆரம்பித்தது. ஆறாவது நிமிடம் வாணலியில் குளம் கட்டி நின்றது. பழைய நான் இந்த இடத்தில்தான் அடுப்பை அணைத்திருப்பேன். அணைக்காமல் நின்றேன். பத்தாவது நிமிடத்தில் குளம் வற்றியது, கூடவே சத்தமும் மாறியது. அதுவரை சளசளவென்று கொதித்துக்கொண்டிருந்தது இப்போது காய்ந்த குரலில் சடசடக்கத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து ஒரு கரண்டி எண்ணெய் விட்டேன். நாலு நிமிடத்தில் ஓரமெல்லாம் பொன்னிறமாகி, வீடு முழுக்க மணம். தராசில் வைத்தால் 112 கிராம். பாதிக்கு மேல் ஆவியாகப் போயிருந்தது.

பச்சைக் காளானில் 92 சதவீதம்வரை தண்ணீர்தான். வாணலியில் தண்ணீர் நிற்கும்வரை அங்கே வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. சிவந்து மணம் வருவதற்கோ கிட்டத்தட்ட 140 டிகிரி வேண்டும். அந்தக் குளம் வற்றாமல் காளான் சிவக்கவே சிவக்காது, அவ்வளவுதான் விஷயம். எண்ணெயைப் பின்னால் விடுவதற்கும் காரணம் உண்டு. பச்சைக் காளான் பஞ்சு மாதிரி, உள்ளே முழுக்கக் காற்றறைகள். முதலிலேயே எண்ணெய் விட்டால் ஒரே மடக்கில் குடித்துவிட்டு இன்னும் கேட்கும். தண்ணீரில் வெந்து அந்த அறைகள் அமுங்கியபின் விட்டால் குடிக்க இடம் இருக்காது, எண்ணெய் மேலோடு நிற்கும்.

இவ்வளவு நேரம் அடுப்பில் கிடந்தால் குழைந்துவிடாதா என்று கேட்பார்கள். குழையாது. காய்கறியின் செல்களைப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின் சூட்டில் கரைந்துவிடும், அதனால் காய் குழைகிறது. இறைச்சியில் புரதம் இறுகி ஈரத்தைப் பிழிந்து வெளியே தள்ளும், அதனால் அது வறண்டுபோகிறது. காளானின் செல்சுவரில் இருப்பது கைட்டின். நண்டு ஓட்டிலும் வண்டின் முதுகிலும் இருக்கும் அதே பொருள். கொதிநீர்ச் சூடு அதை ஒன்றும் செய்யாது. பத்து நிமிடம் வெந்த காளானுக்கும் நாற்பது நிமிடம் வெந்த காளானுக்கும் கடிப்பதில் பெரிய வித்தியாசம் தெரியாது. விருந்தாளி ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாலும் முகம் சுளிக்காமல் அடுப்பில் காத்திருக்கும் பண்டம், எனக்குத் தெரிந்து, இது ஒன்றுதான். எனக்கு முதல்முறை வந்த ரப்பர், பாதி வெந்த காளானின் ரப்பர்.

கழுவலாமா, துடைக்கத்தான் வேண்டுமா என்று ஒரு சண்டை எப்போதும் நடந்துகொண்டே இருக்கிறது. தண்ணீரை உறிஞ்சிவிடும் என்று பயந்து சிறு தூரிகையால் ஒவ்வொன்றாகத் துடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே தராசில் இதையும் பார்த்துவிட்டேன். முழுக் காளான் 200 கிராமை ஐந்து நிமிடம் தண்ணீரில் போட்டு எடுத்து, உதறி, எடை போட்டால் கூடியது ஏழு கிராம். அதிலும் பாதி மேலே ஒட்டியிருந்த ஈரமாகத்தான் இருக்கும். பாதிக்கு மேல் தண்ணீரை எப்படியும் விரட்டப்போகிற இடத்தில் ஏழு கிராமுக்கா கவலைப்படுவது? தாராளமாகக் கழுவலாம். ஆனால் கழுவியதும் சமைத்துவிட வேண்டும். ஈரத்தோடு ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளே வழுக்கும். வாங்கிவந்ததைக் காகிதப் பையில் வைப்பது நல்லது, பிளாஸ்டிக்கில் வியர்த்துப்போகும்.

வளர்ப்புக் காளான்களைப் பற்றி எனக்கு ரொம்ப நாள் ஒரு அலட்சியம் இருந்தது. அதிலும் பட்டன் காளான் என்றால் ருசியே இல்லாதது என்று நினைப்பு. அப்புறம்தான் தெரிந்தது, வெள்ளைப் பட்டன், பழுப்பு நிறக் கிரிமினி, உள்ளங்கை அகலத்துக்கு விரிந்த போர்டொபெல்லோ மூன்றும் ஒரே இனம், அகாரிகஸ் பைஸ்போரஸ். வயதும் நிறமும்தான் வேறு. முன்பு எல்லாமே பழுப்பாகத்தான் இருந்தன. 1920களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பண்ணையில், பழுப்புக் காளான்களுக்கு நடுவே வெள்ளையாக ஒரு கொத்து முளைத்தது. அதிலிருந்து வித்து எடுத்துப் பரப்பினார்கள். வெள்ளையாக இருந்தால் சுத்தமாகத் தெரியும், விற்கவும் சுலபம். இன்று உலகெங்கும் பெட்டி பெட்டியாகப் போவது அந்த வெள்ளையின் வாரிசுகள்தான். ருசி வேண்டுமென்றால் குடை விரியத் தொடங்கிய, அடியில் விசிறி மடிப்புபோல இருக்கும் செவுள்கள் கறுத்த காளானாகப் பார்த்து எடுங்கள். கடைக்காரர் பழசு என்று ஒதுக்கியது பல நேரம் சட்டியில் நல்லதாக இருக்கும்.

சிப்பிக் காளானைக் கத்தியால் வெட்டாமல் கையால் நார்நாராகக் கிழித்தால் ஓரங்கள் பிசிறிப் பிசிறி நன்றாக முறுகும். ஷிட்டாக்கேயின் காம்பு மெல்ல முடியாது, வெட்டிச் சேர்த்து வைத்தால் சூப்புக்கு ஆகும். நூல் கற்றை மாதிரி வெள்ளையாக வரும் எனோக்கியைப் பச்சையாகத் தூவி அலங்கரிப்பதை நான் விட்டுவிட்டேன். 2016 முதல் 2019 வரை அமெரிக்காவில் அந்தக் காளான் வழியாகப் பரவிய லிஸ்டீரியா கிருமியால் 36 பேர் நோயில் விழுந்தார்கள், நாலு பேர் இறந்தார்கள். கொதிக்கும் சூப்பில் சில நிமிடம் நன்றாக வெந்துவிட்டால் கவலை இல்லை. ஷிட்டாக்கேயையும் அரைவேக்காட்டில் சாப்பிட்டால் சிலருக்கு ஓரிரு நாள் கழித்து உடம்பெல்லாம் சாட்டையால் அடித்ததுபோல வரிவரியாகத் தடிக்கும். நன்றாக வேகவைத்தால் அந்த வம்பு வராது. பொதுவாகவே பச்சைக் காளான் எனக்குச் சரிப்படாது. சாலட்டில் நாலு வில்லை போட்டுக் கொடுத்தால் ஓரமாக ஒதுக்கிவிடுவேன்.

காய்ந்த காளானுக்கு வருகிறேன். அதில்தான் நான் பட்ட அவமானம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் ஒரு சின்னப் பை உலர்ந்த போர்சினி கொடுத்தார். வெந்நீரில் ஊறவைத்தேன். அரைமணி கழித்துக் காளானை எடுத்துக்கொண்டு, தேநீர் நிறத்தில் இருந்த அந்தத் தண்ணீரை அழுக்கு என்று நினைத்துத் தொட்டியில் கொட்டினேன். சாறு கொட்டியது போதாதென்று மண் மட்டும் மிச்சமிருந்தது. கடைசியில் சாப்பிட்டபோது பல்லில் நறநறவென்று அரைபட்டது. பரிசு கொடுத்தவரே எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீர் மட்டும் இரண்டு தடவை வாங்கிக் குடித்தார்.

உலர்த்துவது என்றால் கெடாமல் வைத்துக்கொள்ளும் வழி மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அது ருசியையே மாற்றிவிடுகிறது. 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிக்குனே இக்கேடா கடற்பாசிச் சாற்றின் ருசிக்குக் காரணம் குளுட்டமேட் என்று கண்டுபிடித்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். சுமார் அரை நூற்றாண்டு கழித்து அகிரா குனினாக்கா ஷிட்டாக்கேயில் குவானிலேட் என்ற இன்னொரு பொருளும் அதே சுவையைத் தருவதைக் காட்டினார். இந்த இரண்டும் சேரும்போது ஒன்றும் ஒன்றும் இரண்டு என்ற கணக்கு செல்லாது, சுவை பல மடங்கு ஏறிவிடும். இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதால்தான் காய்ந்த ஷிட்டாக்கே நாலைந்தை வைத்து ஒரு பெரிய பாத்திரம் சூப்பைத் தேற்றிவிட முடிகிறது. அதன் தனி வாசனையோ, உலர்ந்தது மறுபடி நீரில் ஊறும்போது நொதிகள் வேலை செய்து உண்டாக்குவது. பச்சையாக மோந்து பார்த்தால் அந்த வாசனை அவ்வளவாக வராது.

இப்போது நான் செய்வது இது. இரவே குளிர்ந்த நீரில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். வெந்நீர் என்றால் அரைமணியில் மெத்தென்று ஆகும், ஆனால் ருசி அவ்வளவு கூடாது. காலையில் காளானை அந்த நீரிலேயே அலசி, பிழிந்து, தனியே எடுப்பேன். நீரைப் பத்து நிமிடம் அசைக்காமல் வைத்தால் மண் அடியில் தங்கும். அப்புறம் மெல்லிய துணி வழியாகச் சாய்த்து ஊற்ற வேண்டும், கடைசி இரண்டு கரண்டியை ஆசைப்படாமல் விட்டுவிட வேண்டும். வடித்த நீரைச் சின்னத் தீயில் மெல்லச் சூடேற்றுவேன். 60, 70 டிகிரியைச் சாவகாசமாகக் கடக்கும் அந்த நேரத்தில்தான் காளானின் நொதி குவானிலேட்டைப் பெருக்குகிறது. தடாலென்று கொதிக்கவிட்டால் நொதி செத்துவிடும்.

இனி காடு. போர்சினி, சாண்டரெல் போன்றவற்றை ஏன் படுக்கை போட்டு வளர்ப்பதில்லை என்று யோசித்திருக்கிறேன். பட்டனும் சிப்பியும் மட்கியதைத் தின்று வாழ்பவை. உரமோ வைக்கோலோ மரத்தூளோ கொடுத்தால் போதும், முளைத்துவிடும். போர்சினியின் இழைகள் உயிரோடு நிற்கும் மரத்தின் வேரோடு பின்னிக்கொண்டு கிடக்கும். மரத்துக்கு நீரும் தாது உப்பும் தேடிக் கொடுத்துவிட்டு, பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். அதை வளர்க்க வேண்டுமென்றால் முதலில் காட்டை வளர்க்க வேண்டும். அதனால் இன்றும் யாரோ ஒருவர் குனிந்து பறித்துத்தான் அது சந்தைக்கு வருகிறது.

சாண்டரெல்லை ஒரே ஒருமுறைதான் சமைத்திருக்கிறேன். முட்டையின் மஞ்சள் நிறம். கூடையைத் திறந்ததும் ஆப்ரிகாட் பழ வாசனை வந்தது, காளானில் பழ வாசனையா என்று நம்பாமல் மூக்கை உள்ளே விட்டுப் பார்த்தேன். அதற்குப் பூண்டு போட்டது என் தப்பு. வெண்ணெயும் உப்பும் போதும், கூடப் போனால் ஒரு முட்டை.

மோரல் வேறு கதை. தேன்கூடுபோல ஓட்டை ஓட்டையாக, உள்ளே கூடாக இருக்கும். காளான்களிலேயே விலை உயர்ந்தவற்றில் ஒன்று. ஆனால் பச்சையாகத் தின்றால் நஞ்சு. 2023இல் அமெரிக்காவின் மொன்டானாவில் ஓர் உணவகத்தில் பச்சையாகவும் அரைவேக்காட்டிலும் மோரல் பரிமாறப்பட்டு 51 பேர் நோயுற்றார்கள், இரண்டு பேர் இறந்தார்கள். இத்தனைக்கும் அது காட்டில் பறித்ததில்லை, பண்ணையில் வளர்ந்து இறக்குமதியான மோரல். நன்றாக வேகவைத்தால் ஆபத்து பெரிதும் குறைகிறது. மோரலைப்போலவே தோற்றம் காட்டும் கைரோமிட்ரா இன்னும் பொல்லாதது. அதிலிருக்கும் நஞ்சு உடம்புக்குள் போனதும் ராக்கெட் எரிபொருளாகப் பயன்படும் ஒரு வேதிப்பொருளாக மாறுகிறது. பின்லாந்தில் அதை எச்சரிக்கைச் சீட்டோடு விற்கிறார்கள். நிறையத் தண்ணீரில் இரண்டு தடவை கொதிக்கவைத்து நீரைக் கொட்ட வேண்டும், சன்னலைத் திறந்து வைக்க வேண்டும், ஏனென்றால் ஆவியும் நஞ்சு. இவ்வளவு பாடுபட்டு ஒரு காளானைத் தின்னத்தான் வேண்டுமா என்று எனக்குத் தோன்றும். அதன் ருசிக்குப் பழகியவர்களுக்கு அப்படித் தோன்றாதுபோல.

இதுவரை சொன்னதெல்லாம் அடுப்பால் ஆகிற காரியம். தண்ணீரை விரட்டுவது, மணத்தைக் கொண்டுவருவது, கிருமியைக் கொல்வது, சில நஞ்சைக் குறைப்பது. இந்த நம்பிக்கையில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். கொதிக்கக் கொதிக்க வேகவைத்துவிட்டோமே, இனி என்ன என்று.

டெத் கேப் என்று சொல்லப்படும் அமனிட்டா ஃபல்லாய்டஸ் காளானை வேகவையுங்கள், வறுங்கள், உலர்த்துங்கள், உறையவையுங்கள். அதிலிருக்கும் அமட்டாக்சின் அசையாது. உலகில் காளான் தின்று சாகிறவர்களில் பெரும்பாலோர் சாவது இதனால்தான். பார்க்க அருவருப்பாகவும் இருக்காது, கசக்கவும் கசக்காது. தின்று பிழைத்தவர்கள் ருசியாக இருந்தது என்றே சொல்லியிருக்கிறார்கள். ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் தெரியாது. அப்புறம் வாந்தி, பேதி. ஒரு நாள் கழித்து எல்லாம் சரியாகிவிட்டதுபோல இருக்கும், ஆள் எழுந்து உட்கார்ந்து பேசுவார். அந்த நேரத்தில்தான் உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். செல்கள் புதுப் புரதம் செய்யும் வழியையே இந்த நஞ்சு அடைத்துவிடுகிறது. ஒரு குடைகூட முழுதாக வேண்டாம், ஆளைக் கொல்ல.

வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு, பூண்டு நிறம் மாறினால் நஞ்சு, பூச்சி கடித்திருந்தால் நல்லது என்றெல்லாம் சொல்வார்கள். எல்லாம் பொய். டெத் கேப்பை நத்தை ஆனந்தமாகத் தின்னும். இதற்கு முன்னால் சாப்பிட்டோம், ஒன்றும் ஆகவில்லை என்ற சமாதானம்கூடச் செல்லாது. பேக்சிலஸ் இன்வொலூட்டஸ் என்ற பழுப்புக் காளான் ஐரோப்பாவில் நெடுங்காலம் தின்னத் தக்கது என்றே பெயர் வாங்கியிருந்தது. 1944இல் ஜெர்மனியின் காளான் அறிஞர் ஜூலியஸ் ஷேஃபர் அதைத் தின்று இறந்தார். காளான்களையே வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். அதைத் திரும்பத் திரும்பத் தின்றால் சிலருடைய உடம்பு தன் சிவப்பணுக்களையே தாக்கத் தொடங்கும் என்பது பின்னால்தான் புரிந்தது.

இதெல்லாம் தெரிந்த பிறகும் நான் ஒரு வேலை செய்தேன். காலை நடைக்குப் போன இடத்தில், மரத்தடிப் புல்லில் வெள்ளையாக நாலு காளான். முதல்நாள் நல்ல மழை. குடையும் காம்பும் பார்க்கப் பட்டனின் அண்ணன் மாதிரியே இருந்தன. காளானைப் பிடுங்கக் கூடாது, காம்போடு வெட்ட வேண்டும் என்று எங்கோ படித்திருந்ததால், சாவிக்கொத்தில் இருந்த குட்டிக் கத்தியால் அழகாக வெட்டி, கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். காளான் தேடிக் காடு காடாகப் போகும் நண்பர் ஒருவர் இருக்கிறார். பன்னிரண்டு வருடமாகப் போகிறார், நம்பித் தின்பது மொத்தம் நாலே வகை. அவரைக் கூப்பிட்டேன்.

வந்தவர் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பினார். “அடி எங்கே?” என்றார்.

“எந்த அடி?”

“காம்போட அடி. மண்ணுக்குள்ள இருந்தது.”

வெட்டிக்கொண்டு வந்த கதையைப் பெருமையாகவே சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “தெரிஞ்ச காளானை வெட்டலாம். தெரியாததைத் தோண்டித்தான் எடுக்கணும். அமனிட்டான்னா அடியில ஒரு கிண்ணம் மாதிரி உறை இருக்கும். அதை அங்கேயே விட்டுட்டு வந்துட்டு இது என்னன்னு என்கிட்ட கேக்கறீங்க.”

அப்புறம் ஒரு தாள் கேட்டார். வெள்ளைத் தாள் கொடுத்தேன், கறுப்பும் வேண்டும் என்றார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, ஒரு குடையைக் காம்பில்லாமல் அறுத்து, செவுள் கீழே பார்க்க, பாதி வெள்ளையிலும் பாதி கறுப்பிலும் படும்படி வைத்து, மேலே ஒரு கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்தார். பட்டனின் உறவாக இருந்தால் காலையில் சாக்லேட் நிறத்தில் தூள் விழுந்திருக்கும் என்றார். மிச்சம் மூன்றையும் தனி டப்பாவில் போட்டு மூடி, மேலே நான் தொடக்கூடாது என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்.

ராத்திரி இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்தேன். காலையில் அவர் வந்த பிறகுதான் தம்ளரை எடுத்தோம். குடையை மெல்லத் தூக்கினார். வெள்ளைத் தாள் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை, வெறும் தாள். கறுப்புப் பக்கம், சக்கரத்தின் ஆரக்கால்போல வரிவரியாக, மாவு தூவினதுமாதிரி சுத்த வெள்ளை.

நண்பர் ஒன்றும் பேசவில்லை. தாளைக் காளானோடு சேர்த்து மடித்து, டப்பாவையும் எடுத்து, இரண்டு பையில் கட்டிக் குப்பையில் போட்டார். தொட்டதால் நஞ்சு ஏறாது என்று தெரிந்தும் இருவரும் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவினோம்.

“பசிக்குது, ஏதாவது இருக்கா?” என்றார்.

ஃபிரிட்ஜில் ஒரு பெட்டி பட்டன் காளான் இருந்தது. அவர் நறுக்க உட்கார்ந்தார். நான் அகலமான வாணலியை அடுப்பில் வைத்து, இரண்டு கரண்டி தண்ணீர் ஊற்றினேன்.